சாவி க்ளிஃபர்டிடம் இருக்கிறது

எனிட் கிழவி விழுந்தவுடன், கழுத்தில் நகராட்சி மாட்டிவிட்டிருந்த அவசரப் பொத்தானை அழுத்தினாள். சுவரோரப் பெட்டியிலிருந்து உதவி மையத்துப் பெண் ஒருத்தி பேசினாள்.

"கெய்லி பேசறேன். அடிபட்டுச்சா, பாட்டி?"

"பாட்டின்னா எழுந்து வந்து அறைவேன். எழுந்திரிக்கத்தான் முடியல. தூக்கிவிட ஆளனுப்பு, கண்ணு. ஒருத்தன் போதாது, ரெண்டு பேர் வேணும்."

"உங்க சாவி பக்கத்து வீட்டு க்ளிஃபர்டுகிட்ட இருக்கு. அவரைக் கூப்பிடறேன்."

"ஐயோ, அவன் வேண்டாம்! தீயணைப்பு வண்டியை அனுப்பு. வாட்டசாட்டமான பசங்களா பாரு."

"முதல்ல சாவி வச்சிருக்கிறவர்தான். அதுதான் ரூல். ஏன், ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"அவன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்!"

"இந்த வயசுல என்ன வீம்பு?" என்று கெய்லி க்ளிஃபர்டின் செல்போனுக்கு அடித்தாள்.

மணிச்சத்தம் எனிட் வீட்டுப் பெட்டி வழியாகவே கேட்டது.

"என்னங்க, அவர் போன் உங்க வீட்டுல அடிக்குது?"

எனிட்டுக்கு அடியிலிருந்து மூச்சு முட்ட ஓர் ஆண்குரல் வந்தது.

"போன் என் கால்சட்டைப் பையில இருக்கு, எனிட். கால்சட்டையை எங்கே தூக்கிப் போட்டே?"