துண்டுக்குள் நீலக்கல்

கல் வியாபாரி இராமதாஸ் பூதக்கண்ணாடியைக் கண்குழியில் இடுக்கிக்கொண்டு இசைத்தட்டுப் பெட்டியின் மேல் குனிந்தபோது, தெருவே வாசலில் வந்து நின்றது.

பெட்டி ஆதிமூலத்துடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்கும் சொல்தா அவர். போன வருஷம் பாரீஸிலிருந்து திரும்பும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஊசியைத் தாங்கிப் பிடிக்க ஒரு தண்டு உண்டு. ஓர் அரிசி நீளம், ஒரு மயிர் கனம். மற்ற பெட்டிகளில் அது வெறும் தகரம் கிகரமாக இருக்கும், இதில் அசல் நீலக்கல்லில் கடைந்தது என்று விற்றவன் சொன்னானாம். நீலமாகத்தான் இருந்தது.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜன்னலைத் திறந்துவைத்துத் தெருவுக்கே பாட்டுப் போட்டார். வைத்திக்குப்பத்து மீன்காரிகள் கூடையை இறக்கிவிட்டு நின்று கேட்டார்கள். அவர் பட்டாளத்தில் வாங்கிய மெடலை யாரும் விசாரித்ததில்லை. நீலக்கல்லை விசாரிக்காத ஆளில்லை.

வந்தது வினை, எதிர்வீட்டு நாராயணசாமி ரூபத்தில். தன் வீட்டுச் சோற்றுக் குண்டானும் அதே நீலக்கல்தான், கடையில்தான் அதற்கு அலுமினியம் என்று பேர் சொல்கிறார்கள் என்று டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டான்.

ஆதிமூலத்துக்குச் சோறு இறங்கவில்லை. கல் வியாபாரியைக் கூட்டிவந்து, தெரு பார்க்க விலை கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டார். கல்லாக இருந்தால் விலை சொல்வான். இல்லையென்றால் எழுந்து போவான்.

போனால் ஆதிமூலம் மாமா அந்த ஜன்னலை இனித் திறக்கமாட்டார் என்பது கண்ணையனுக்குத் தெரியும். அக்காள் வசந்தாவைக் கட்டியவர் அவர். இருபது வருஷப் பழக்கம்.

கண்ணையன் மதகடிப்பட்டுச் சந்தையில் மாட்டுத் தரகன். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை. அவன் வாங்க வந்தவன் முகத்தைப் பார்ப்பான். இப்போதும் பெட்டியைப் பார்க்கவில்லை, இராமதாஸின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உதட்டின் ஒரு ஓரம் மெல்லக் கீழே இறங்கியது.

பல் கொட்டின மாட்டைப் பார்த்தவனின் உதடு அது. நீலம் வெறும் மேல்பூச்சு; உள்ளே குண்டான் ஜாதிதான்.

இராமதாஸ் வாயைத் திறக்கப் போனான்.

அதற்குள் கண்ணையன் தோளில் கிடந்த துண்டை உருவி அவன் கைமேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டான்.

"வெலைய வாயால பேசாதீங்க. எங்க வழக்கத்துல துண்டுதான்."

கல் வியாபாரத்திலும் துண்டுக்குள் விலை பேசுவது உண்டு. இராமதாஸ் முதலில் கண்ணையனைப் பார்த்தான். பிறகு துண்டைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு விரலால் பேச ஆரம்பித்துவிட்டான்.

துண்டு நெளிந்தது. கண்ணையன் தலையை ஆட்டினான். மறுபடி நெளிந்தது. இராமதாஸ் உச்சுக்கொட்டினான். ஆதிமூலம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அட்டென்ஷனில் உட்கார்ந்திருந்தார். காபி டம்ளரோடு வந்த வசந்தா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

இராமதாஸ் கையை உருவிக்கொண்டு எழுந்தான்.

"நமக்குக் கட்டுப்படியாவாதுங்க முசியே. நீங்களே வச்சிக் கேளுங்க."

அதில் ஒரு பொய் கிடையாது. ஆனால் வாசலில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. கடைத்தெருவில் வைரம் விற்கிறவனுக்கே கட்டுப்படியாகாத கல்லாம்.

"எத்தினி விரலுன்னு சொல்லுங்களேன், மாட்டுக்காரரே," என்றான் நாராயணசாமி.

துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிற தரகனிடம் நாளைக்கு எவனும் மாட்டுக் கயிற்றைக் கொடுக்கமாட்டான் என்று சொல்லிவிட்டான் கண்ணையன். நாராயணசாமி கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றான். பிறகு, சும்மா நிற்கிறோமே, ஒரு பாட்டுத்தான் போடுங்களேன் என்றான்.

ஆதிமூலம் ஒன்றுக்கு நாலு போட்டார். காபி குடிக்க மறுபடி உட்கார்ந்த இராமதாஸும் நாலும் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

தெருமுனை வரைக்கும் கண்ணையன் அவன்கூடப் போனான். ரிக்ஷாக்காரன் மணியடித்துக்கொண்டு வந்து நின்றான்.

கண்ணையன் மடியை அவிழ்த்து மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டினான்.

துண்டுக்குள் முதலில் விலை சொன்னது அவன்தான். சும்மா இருக்க இரண்டு என்றான். இராமதாஸ் ஐந்தில் நின்றான். மூன்றில் படிந்தது.

இராமதாஸ் இரண்டு நோட்டுகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். மூன்றாவதைக் கண்ணையன் கையிலேயே திணித்துவிட்டு ரிக்ஷாவில் ஏறினான்.

"பாட்டு கேட்டதுக்கு."