வாளி நிறையும் நேரம்

ஒரு கிணற்றுக்குள் ஆமை ஒன்று இருந்தது. தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று யாரோ கொண்டுவந்து விட்டார்கள். அதோடு சரி, அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பேச்சுத்துணை தினமும் தண்ணீர் எடுக்க இறங்கும் வாளி மட்டும்தான். அதுவும் வாளி நிறையும் நேரம் வரைக்கும்தான்.

"என்னப்பா பண்றே?" என்று இறங்கும்போதே வாளி கேட்கும்.

"சும்மாதான் இருக்கேன்."

"குடுத்துவச்சவன்! எனக்கு மூச்சுவிட நேரமில்ல. மேல இன்னும் அண்டாவே ரொம்பல." சொல்லி முடிப்பதற்குள் வாளி நிறைந்துவிடும். கயிறு வெடுக்கென்று இழுக்கும். ஆமை சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஒருநாள் வாளிக்குப் பதில் குழாய் இறங்கியது. மேலே மோட்டார் வைத்துவிட்டார்கள். ஆமை குழாயிடமும் பேசிப் பார்த்தது. அது தண்ணீரை உறிஞ்சியதே தவிர, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு மத்தியானம், மேலிருந்து தொபுக்கடீரென்று அந்தப் பழைய வாளி வந்து விழுந்தது. துருப்பிடித்திருந்தது. தண்ணீர் குடித்து, மெல்ல முங்கி, ஆமையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஆமைக்குத் தலைகால் புரியவில்லை. "வாப்பா, வா! ஐயோ, அதுக்குள்ள நிறைஞ்சிட்டியே, கிளம்பணுமா?" என்று பதறியது.

வாளி இன்னும் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்தது.

"அவசரமில்ல" என்றது. "சும்மா உன்னைப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அதன் கைப்பிடியில் கயிறு இல்லை. ஆமை அதைப் பார்த்தது. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.