ரத்துப் பத்திரம்

"என் பேர்ல இருக்கிற பவர் பத்திரத்தை ரத்து பண்ணணும் சார்."

பத்திர எழுத்தர் சிரித்தார். "வீட்டுல சண்டையா தம்பி? ஒரு வேலைக்குன்னா தனிப் பவர் போதும்னு அன்னிக்கே சொன்னேன். உங்க சம்சாரம்தான், 'எல்லாத்துக்கும் இவரே கையெழுத்துப் போடட்டும்'னு பொதுப் பவர் கொடுத்தாங்க. கொடுத்தவங்கதான் ரத்து பண்ண முடியும். கூட்டிட்டு வாங்க."

"இறந்துட்டா சார்."

அவர் பேனாவை மூடினார். "அப்போ அந்தப் பவரும் அன்னிக்கே செல்லாமப் போச்சு தம்பி. ரத்துப் பத்திரமே தேவையில்ல."

"தேவை சார். பன்னிரண்டாம் தேதி போட்டு எழுதுங்க."

"அதென்ன பன்னிரண்டு?"

"பதிமூணாம் தேதி, ஆபரேஷன் வேண்டாம்னு அழுதா. இந்தப் பவரைக் காட்டி, அவளுக்குப் பதிலா நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டேன்."