கடைசிச் சனிக்கிழமை

"எல்லாத்துக்கும் நன்றி, மிஸ்" என்று சொல்லிவிட்டு, லான் யோகமலரை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

யோகமலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோளில் யாராவது கை வைத்தாலே விலகி நிற்கிற பிள்ளை அது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் கதிரைகளை அடுக்கிவிட்டு, வழக்கம்போலக் கத்திக்கொண்டு ஓடிப் போயிருந்தார்கள். இவள் மட்டும் நின்று விடைபெறுகிறாள்.

அப்படியென்றால், இன்றோடு நான் விட்டுப்போவது இவளுக்குத் தெரிந்துவிட்டது.

லண்டன் லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தத் தேவாலய மண்டபத்தில், சனிக்கிழமைகளில் வியட்நாமியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். பலர் தாய் தகப்பன் இல்லாமல் லொறிகளில் ஒளிந்து வந்து சேர்ந்தவர்கள். நகரக் கவுன்சில் ஒழுங்கு செய்த வளர்ப்பு வீடுகளில் இருப்பவர்கள். கூட்டிவந்த ஆட்கள் கடனைச் சொல்லித் திரும்பக் கொண்டுபோய், காணாமல் போன பிள்ளைகளும் உண்டு. யோகமலரும் ஒருகாலத்தில் அதே வயதில், ஆருமில்லாமல் ஜேர்மனியில் பிராங்பேர்ட்டில் போய் இறங்கியவள்தான். அதனால்தான் சம்பளமில்லாத இந்த வேலைக்குத் தானாகவே வந்து சேர்ந்தாள்.

ஆனால் இனி உடம்பு கேட்காது. வெள்ளி இரவு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். விடிந்ததும் அங்கிருந்து நேரே இங்கே. போன கிழமை பாடம் நடத்திக்கொண்டு நின்றவள், நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவள் விழிக்கும்வரை சத்தம் போடாமல் இருந்தார்கள். அது அவளை இன்னும் வெட்கப்பட வைத்தது.

இன்றோடு விடப்போவதை நரசிம்மனுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் தங்கிவிட்டவன். வகுப்பை நடத்துவது அவன்தான். "பிள்ளையளுக்குச் சொல்லாதேயும் தம்பி. அவையின்ர முகத்தைப் பாக்க என்னால ஏலாது" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

லான் வெளியே போனதும் அவள் நரசிம்மனிடம் திரும்பினாள்.

"ஏன் தம்பி லானுக்குச் சொன்னனீர்?"

"நான் யாருகிட்டயும் சொல்லலை அக்கா."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

நரசிம்மன் உதட்டைப் பிதுக்கினான். வாதாட யோகமலருக்குத் தெம்பில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

நிலையத்தில் ரயில் கதவுகளைத் திறந்தபடி நின்றது. ஏறி உட்கார்ந்ததும் கணவன் கிருஷ்ணராசாவின் அழைப்பு வந்தது.

"முடிச்சிட்டியோ?"

"ஓம்."

"நல்லது. இனிச் சனிக்கிழமையில எண்டாலும் மனிசர் மாதிரி நித்திரை கொள்ளலாம்."

"ஓம்" என்றாள் மறுபடியும். கண்ணை மூடினாள். நித்திரை வரவில்லை. கட்டிப்பிடித்த அந்த ஒல்லிக் கைகள் முதுகில் அப்படியே இருப்பதுபோல் இருந்தது. பிராங்பேர்ட்டில் தனக்குச் சாப்பாடு போட்ட பெண், ஒருநாள் சொல்லாமல் வேறு ஊருக்குப் போய்விட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அழுத அழுகையைப்போலப் பிறகு அவள் அழுததில்லை.

கதவு மூடுவதற்கு முன் யோகமலர் இறங்கிவிட்டாள்.

லானைத் தேடி மண்டபத்துக்குத் திரும்ப நடந்தால், லான் நிலையத்துக்கு வெளியே பஸ் தரிப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. அவள் வீடு இந்தப் பக்கமே இல்லை. என்னைப் பார்க்கத்தான் பின்னால் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் யோகமலர்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை குளிர்ந்து கிடந்தது. லானின் மற்றக் கையில் இருந்த போன் அடித்தது.

"எடன் பிள்ளை."

லான் எடுக்கவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். போன் நின்று, திரும்பவும் அடித்தது.

சாம்பல் நிறக் கார் ஒன்று தரிப்பின் முன்னால் வந்து நின்றது. காதில் போனோடு இருந்த ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒருமுறை ஹோர்ன் அடித்தான்.

லான் எழும்பப் பார்த்தாள். யோகமலர் கையை விடவில்லை.

"இரு பிள்ளை, நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை. களைப்பில விட்டிடுவம் எண்டுதான் நினைச்சனான். இப்ப விடேல்லை. அடுத்த சனியும் வருவன். அதுக்கடுத்த சனியும் வருவன். நித்திரை தூங்கினா நீதான் எழுப்பவேணும், விளங்குதோ?"

பின்னால் வந்த பஸ் பொறுமையில்லாமல் அலறியது. அந்த ஆள் லானை முறைத்துப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தான். போன் அடிப்பது நின்றது.

கார் திருப்பத்தில் மறையும்வரை லான் அசையவில்லை. பிறகு யோகமலரின் தோளில் முகத்தைப் புதைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

"அழாதை பிள்ளை. அதுதான் நான் போகேல்லை எண்டு சொல்லிட்டனே."

லான் நிமிர்ந்தாள். ஒன்றும் விளங்காதவள்போல அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இல்ல, மிஸ். அந்தக் காரில் போக இருந்தது நான்."