முயல் கட்டிப் பார்த்த வாட்ச்

ஊரெல்லாம் ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு திரிகிறதே என்று ஒரு முயலுக்கும் ஆசை வந்தது. கடைக்குப் போனது. கடைக்காரர் ஒரு நரி.

"சும்மா கட்டிப் பாருங்கம்மா, வாங்கணும்னு இல்லை" என்று நரியே ஒரு வாட்சை எடுத்து முயலின் முன்காலில் கட்டிவிட்டது. நரியின் மூச்சுக் காற்று காதில் பட்டதும் முயலுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

உடனே வாட்ச் பேசியது. "உங்கள் இதயம் மிக வேகமாகத் துடிக்கிறது. உட்காருங்கள்."

முயல் பயந்துபோய் உட்கார்ந்தது. "ஐயோ, எனக்கு ஏதாவது நோயா?"

"தெரியவில்லை. கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடுங்கள்."

முயல் கண்ணை மூடியது. கடைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஓடு, ஓடு என்று கால்கள் துடித்தன.

"இன்னும் வேகமாகிறது. தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள்" என்றது வாட்ச்.

"யாரோ கிட்ட வர்ற மாதிரி இருக்கே?"

"எனக்கு உங்கள் இதயம் மட்டும்தான் கேட்கும்."

"வாட்ச் சொல்றதைக் கேளுங்கம்மா" என்றது நரி, காதருகே.

முயல் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது.

சிறிது நேரத்தில் வாட்ச் மறுபடி பேசியது. "துடிப்பு எதுவும் கிடைக்கவில்லை. வாரைச் சற்று இறுக்கிக் கட்டுங்கள்."

நரி அதைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, கதவைத் திறந்தது.