காலி எடை

“டிரைவர் உள்ளயா சார், வெளியவா?”

ஒரகடம் எடைமேடையில் எல்லா லாரிக்காரர்களிடமும் கேட்பதைத்தான், விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த எத்திராஜிடமும் எடைபோடும் பேச்சிராஜ் கேட்டான்.

எத்திராஜ் பொறுப்பாக இறங்கி, மேடையை விட்டு விலகி நின்றார்.

படப்பையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அதை மகனிடம் விட்டுவிட்டு இந்த இரண்டு சீட்டு விமானத்தைக் கட்டினார். ஊரில் யாரும் அதை விமானம் என்று சொல்லவில்லை. எத்திராஜின் வியாதி என்றார்கள்.

றெக்கையை மடக்கி, டிரெய்லரில் ஏற்றிவந்து, மேடையில் இறக்கியிருந்தார். காற்றில் உருண்டுவிடாமல் மனைவி கிளியம்மாள் வாலைப் பிடித்துக்கொண்டாள்.

சட்டம் எளிமையானது. பெட்ரோலோடு இருநூற்றெண்பது கிலோவுக்குள் இருந்தால் சின்ன வகை, அவரே ஓட்டலாம். தாண்டினால் பெரிய வகை. அதற்கு டாக்டர்கள் நெஞ்சைக் குடைந்து பார்ப்பார்கள். எத்திராஜின் நெஞ்சில் போன வருடம் வைத்த இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது.

அப்போது ஐசியு வாசலிலேயே கிடந்தவள் கிளியம்மாள். பறக்க வேண்டாம் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிற மனுஷனா அவர்.

திரையில் 325.

பட்டறையில் எத்திராஜ் பெட்ரோலையும் சேர்த்துப் பாகம் பாகமாக நிறுத்துக் கூட்டியபோது 265தான் வந்தது.

ஸ்பேனரை எடுத்தார். ரேடியோவைக் கழற்றினார். தரைவிரிப்பை உருவினார். கிளியம்மாள் தைத்துக் கொடுத்த மெத்தையை எடுத்து மேடைக்கு வெளியே போட்டார். அவள் ஒட்டிவைத்த அம்மன் ஸ்டிக்கரைக்கூடச் சுரண்டினார். அதில் எவ்வளவு குறையும் என்று பேச்சிராஜ் கேட்கவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

மேடையை விட்டு இறங்கிவந்து பார்த்தார். 310.

எத்திராஜ் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். உதட்டுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார்.

பிறகு வால் பக்கம் பார்த்தார். கிளியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. வாலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம், ஐசியு வாசலில் அவள் கிடந்த கிடை நினைவுக்கு வந்ததும் போய்விட்டது.

அதே எடைக்கு ரசீது அடிக்கச் சொன்னார். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிரெய்லரிடம் போனார்.

“சரி, மேடைய வுட்டு எறங்கு கிளி. வூட்டுக்குப் போலாம்.”

அவள் இறங்கினாள்.

திரையில் 250 என்று மாறியது. எத்திராஜ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விமானத்தை டிரெய்லரில் கட்டுகிற கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.