கேட்டதற்கு மட்டும் பதில்

“அக்கா, துவைச்ச துணியில ஒரு மக்கல் வாடை வருது. என்ன போட்டா போகும்?”

ஒன்பது வருடம் கழித்து போன் செய்த தம்பி கேட்ட முதல் கேள்வி இது. எப்படி இருக்கே என்று இல்லை, மன்னிச்சிடு என்றும் இல்லை. அக்காவுக்குத் திருப்பிக் கேட்க ஆயிரம் இருந்தது.

ஆனால் அவள் முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கேட்டதற்கு மட்டும் பதில் என்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். வண்டி எத்தனை மணிக்கு என்றால் மணியைச் சொல்வாள். அது இன்றைக்கு ஓடாது என்பதை வந்தவர் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

“ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு டம்ளர் வெள்ளை வினிகர். அரை மணி ஊறட்டும். அலசி வெயில்ல போடு.”

“வினிகர் வாடை நிக்காதா?”

“காய்ஞ்சா போயிடும்.”

“சரிக்கா. அப்புறம்...”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லக்கா.”

வைத்துவிட்டான்.

அப்போது அவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அத்தான் இறந்த சேதி போய், மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வந்து நின்றான். “காரியமெல்லாம் முடிஞ்சாச்சு. இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்” என்று வாசலிலேயே கதவைச் சாத்தினாள். வழியில் பாலம் உடைந்து வண்டிகள் இரண்டு நாள் நின்றது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்று போட்ட உத்தரவையும் மாற்றவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

நாலு நாளில் மறுபடி போன்.

“அக்கா, வினிகர் போட்டும் லேசா வாடை இருக்கு.”

“ஈரத்தோட மடிச்சு வச்சிருப்பே. திரும்ப அலசி, அரை கப் சமையல் சோடா கரைச்ச தண்ணியில ஊறப் போடு.”

“ரெண்டையும் சேர்த்தே போட்டுட்டா?”

“அறிவிருக்கா உனக்கு? பொங்கி ரெண்டும் வீணாத்தான் போகும். ஒண்ணு முடிஞ்சப்புறம் ஒண்ணு.”

தம்பி சிரித்தான். சின்ன வயதில் குட்டு வாங்கிவிட்டுச் சிரிப்பானே, அதே சிரிப்பு. அவளுக்கும் உதடு கொஞ்சம் வளைந்தது. நல்லவேளை, போனில் தெரியாது.

“மார்க்கெட்டுக்குப் பின்தெருவுல இருக்கேன்க்கா. நீல ஷட்டர் போட்ட கடைக்கு மாடி. மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. நான் மட்டும்தான்.”

“ம். வேற?”

“வேற ஒண்ணும் இல்லக்கா.”

சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தை அவளைப் போட்டுக் குடைந்தது. அடுத்த தடவை கட்டாயம் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவையும் வந்தது. அவள் அடுப்பில் பால் வைத்திருந்த நேரம்.

“அக்கா, அந்த வினிகர் அளவை இன்னொரு தடவை சொல்லேன்.”

“எத்தனை தடவைடா சொல்றது? காதுல பஞ்சா வச்சிருக்கே? ஒரு டம்ளர்!”

“கோவிச்சுக்காதக்கா. சும்மா...”

பால் பொங்கியது. பட்டென்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகு போன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். பத்து நாள் பார்த்தாள். கடைசியில் வெட்கத்தை விட்டு இவளே அடித்தால், போன் அணைக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் வினிகர் பாட்டிலும் சோடாவும் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெறுங்கையோடு போய் நிற்க மனசு வரவில்லை. நாற்றம் போக்க வந்தேன் என்று சொன்னால் மானம் தப்பும்.

நீல ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாடிக் கதவில் பூட்டு. சத்தம் கேட்டு, கீழே கடைக்குள்ளிருந்து ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“யாரம்மா தேடுறீங்க?”

“மாடியில இருக்கறவரை.”

“அவரு புதன்கிழமையே மகளோட வெளிநாட்டுக்குப் போயிட்டாரேம்மா. இனிமே அங்கேயேதான். போறதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போகணும், போன் போட்டா சொல்லவே வரமாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க?”

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு முறை ‘வேற ஒண்ணும் இல்ல’ என்று சொல்ல வைத்தது தான்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

“நான் அவன் அக்கா. துணியில வாடை போகலன்னு தவிச்சுக்கிட்டு இருந்தான். ஆம்பளைப் பிள்ளை, தனியா, துவைக்கத் தெரியாம என்ன பண்றானோன்னு...” பையைத் திறந்து பாட்டிலைக் காட்டினாள்.

அந்தப் பெண் பாட்டிலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு ஷட்டரை முழுவதுமாக மேலே தூக்கினாள். உள்ளே சுவரோரம் வரிசையாக ஆறு துவைக்கும் இயந்திரங்கள்.

“அம்மா, அக்கா வீட்டுச் சாவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத தொழில் வேணாம்னு லாரியை விட்டுட்டு, எட்டு வருஷமா இந்தச் சலவைக் கடையை நடத்தினது அவருதான். எந்த வாடைக்கு வினிகர், எதுக்கு சோடா, எவ்வளவு நேரம் ஊறணும்னு எனக்கு ஒண்ணொண்ணாக் கத்துக் குடுத்ததும் அவருதான்!”